மேலிருந்து நாலாவது

பதினான்கு பெயர்கள்தானே, பன்னிரண்டு மணிக்குள் வரிசையாக நிறுத்திவிடலாம் என்று கோகிலவாணி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தபோது லேப் கடிகாரத்தில் பத்து இருபது. அதில் அவளுக்குத் துளியும் சந்தேகம் இல்லை. பல்லடம் சாலையில் இருக்கும் இந்தச் சாயப்பட்டறையில் கம்ப்யூட்டர் என்றால் கோகிலவாணி; பிரின்டரில் காகிதம் சிக்கினாலும் கோகிலவாணி, முதலாளி வீட்டு வைஃபை படுத்துக்கொண்டாலும் கோகிலவாணி. தான் கைவைத்து எழுந்திருக்காத இயந்திரம் இந்தக் காம்பவுண்டுக்குள் ஒன்றுகூட இல்லை என்று சொல்லிக்கொள்வாள். கொஞ்சம் மிகைதான், ஆனால் அவள் சொல்லும்போது யாரும் மறுத்ததில்லை. இப்போது அவள் முன்னால் இருப்பது கலர் லேபின் கம்ப்யூட்டர். இடது மூலையில் அமுக்கினால் ஸ்டார்ட் மெனு எழும்பி நிற்கும், அதில் பதினான்கு பெயர்கள், ஒவ்வொன்றும் ஒரு மெய்நிகர் கம்ப்யூட்டர். அதாவது கம்ப்யூட்டருக்குள்ளே கம்ப்யூட்டர்; கையால் தொட முடியாது, திறந்தால் நிஜமானது மாதிரியே முழித்துக்கொண்டு வேலை செய்யும். சாயக் கலவை போடும் பழைய புரோகிராம் புது விண்டோஸில் ஓட மாட்டேன் என்று அடம்பிடித்ததால், பழைய விண்டோஸை உள்ளேயே குடிவைத்திருந்தார்கள். ஒரு நாட்டுக் கஸ்டமரின் கலவையோடு இன்னொரு நாட்டுக் கலவை சேரக்கூடாது என்பதற்காக நாட்டுக்கு ஒன்று. பட்டறையில் எல்லோரும் விஎம் என்பார்கள். போன புதன்கிழமை காலையில் லேப் உதவியாளர் மயிலாத்தாள் டென்மார்க் விஎம்மைத் திறப்பதற்குப் பதிலாக செக் விஎம்மைத் திறந்து கலவை எண்ணை மெஷினுக்கு அனுப்பிவிட்டாள். டென்மார்க்குக்குப் போக வேண்டிய நானூற்றிருபது கிலோ துணி செக் நாட்டுக்காரரின் கருநீலத்தில் முங்கி எழுந்தது. ஈரத்தில் இரண்டு கருநீலமும் ஒன்றுபோலத்தான் தெரியும், காய்ந்த பிறகுதான் பச்சை அடித்தது. இன்று செவ்வாய், பன்னிரண்டு மணிக்கு ஜி.எம். சென்னியப்பன் அறையில் விசாரணை. மயிலாத்தாள் இருப்பாளா, போவாளா என்பது அங்கே முடிவாகும். அதற்குள் கோகிலவாணி இரண்டு காரியம் செய்தாக வேண்டும். இனி ஒருவரும் தப்பாகத் திறக்காதபடி இந்த மெனுவை ஒழுங்கு செய்வது ஒன்று. புதன்கிழமை யார் எதை எப்போது திறந்தார்கள் என்ற லாக் பதிவை அச்செடுத்துக் கொண்டுபோவது இன்னொன்று. முதல் வேலை அவளுக்குப் பிடித்த வேலை. அதிலேயே ஆரம்பித்தாள்.

முதலில் எல்லாப் பெயரையும் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டாள். திரையில் செய்வதற்கு முன்னால் காகிதத்தில் செய்வது அவள் பழக்கம். ஏடி-ஆர்சிபி-1, பிஇ-ஆர்சிபி-1 என்று இங்கிலீஷ் எழுத்தும் எண்ணுமாக ஒன்றின் கீழ் ஒன்று, ரேஷன் கடை வரிசை மாதிரி மூஞ்சி தெரியாமல் நின்றன. அவள் வைத்த பெயர்கள்தான். அவளுக்கு முன்னால் இங்கே இருந்த திருஞானம் வேறு மாதிரி ஆள், வாயில் எப்போதும் எதையாவது மென்றுகொண்டிருப்பவர், விஎம்களுக்கெல்லாம் பலகாரப் பெயர் வைத்திருந்தார். டென்மார்க் ஜிலேபி, செக் பாதுஷா, பெல்ஜியம் அதிரசம். அவள் சேர்ந்த முதல் வாரம் லேபிலிருந்து போன் வந்தது, பாதுஷா திறக்க மாட்டேங்குது, கொஞ்சம் வந்து பாருங்க என்று. அவள் கேன்டீன் டப்பா என்று நினைத்துக்கொண்டு ஸ்க்ரூடிரைவர்கூட எடுக்காமல் போனாள். அன்றைக்குச் சிரித்த சிரிப்பு. ஆனால் வெளிநாட்டு ஆடிட்டர் வரப்போகிறார், அவருக்கு முன்னால் மெனுவைத் திறந்து ஜிலேபியை அமுக்கிக் காட்டவா முடியும்? ஒரே சனிக்கிழமையில் அத்தனை பலகாரத்தையும் அள்ளிக் கொட்டிவிட்டு, நாட்டுக் குறியெழுத்து, வேலைக் குறியெழுத்து, எண் என்று சுத்தமாக மாற்றினாள்; செக் சிஇசட் ஆயிற்று, டென்மார்க் டிகே. ஆடிட்டர் பாராட்டினார். சென்னியப்பன் மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் பாராட்டினார். அந்தப் பாராட்டை அவள் பல நாள் வாய்க்குள் போட்டு உருட்டியிருக்கிறாள். இப்போது யோசித்தால் அந்த வாரம்தான் மயிலாத்தாள் எண்ண ஆரம்பித்திருக்க வேண்டும். ஜிலேபி இருந்த வரைக்கும் அவள் ஜிலேபியைப் பார்த்து அமுக்கினாள். எழுத்தும் கோடும் வந்த பிறகு மேலிருந்து விரலை வைத்து ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு என்று எண்ணி அமுக்கினாள். கோகிலவாணி அதைப் பார்த்திருக்கிறாள், ஒருமுறை அல்ல, பத்து முறை. திரையில் விரல் ரேகை படியுதே, துடைக்கணுமே என்றுதான் அப்போது நினைத்தாள்.

சரி, அது கிடக்கட்டும், வேலையைப் பார்ப்போம். எதை வைத்துக் கூட்டம் பிரிப்பது? நாட்டை வைத்துப் பிரித்தால் இப்போது இருப்பதுதான். நிறத்தை வைத்துப் பிரிக்கலாம் என்றால் ஒரே விஎம்முக்குள் நாற்பது நிறம் கிடக்கிறது. மெஷினை வைத்து? மெஷின் வருஷத்துக்கு ஒன்று மாறும். பெரிய கம்பெனிகளில் ஆற்றின் பெயர், மலையின் பெயர் வைப்பார்களாம், கோயமுத்தூர் ஐ.டி. பார்க்கில் வேலை செய்யும் அவளுடைய நாத்தனார் சொன்னாள், அவர்கள் ஆபீஸில் சர்வர் எல்லாம் ஆறுகளாம். இங்கேயும் பவானி, அமராவதி என்று வைக்கலாம்தான், அடுத்து, சாயத் தண்ணீர் விட்டே கெடுத்த நொய்யல் ஆற்றின் பெயரையும் வைக்க வேண்டிவரும், சாயப்பட்டறைக் கம்ப்யூட்டருக்கு நொய்யல் என்று பெயர் வைக்கிற அளவுக்கு அவளுக்குத் தோல் தடிக்கவில்லை. தானாகச் சிரித்துக்கொண்டு காகிதத்தில் ஒரு கோடு கிழித்தாள். பெயர் வைப்பதும் வரிசை போடுவதும் ஒரே வேலை என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். பெயர் நாம் வைப்பது, வரிசை அந்தப் பெயரின் முதல் எழுத்து போடுவது. இங்கிலீஷ் எழுத்து வரிசையில் போட்ட பள்ளிக்கூட வருகைப் பதிவேடும் அப்படித்தான். உடுமலையில் எட்டாம் வகுப்பில் அவள் நம்பர் பதினேழு, பாதி வருஷத்தில் அகல்யா என்று ஒரு பெண் மாற்றலில் வந்து சேர, ஒரே நாளில் எல்லோரும் ஒரு படி கீழே இறங்கினார்கள், கோகிலவாணி பதினெட்டு. கணக்கு வாத்தியார் பழைய நம்பரைப் பார்த்து மார்க் வாசித்தார், பதினேழுக்குத் தொண்ணூற்றொன்று. பதினேழு இப்போது கோமதி. கோமதி வாயைத் திறக்கவில்லை. கோகிலவாணி அந்த நொடியே எழுந்து நின்று, சார் அது என் மார்க்கு என்றாள். வகுப்பே திரும்பிப் பார்த்தது. வாத்தியார் பதிவேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஆமாம் என்றார். எவ்வளவு தைரியம் அந்த வயசில் என்று அவள் அம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். தன் மார்க் போகிறது என்றால் எழுந்து நிற்க ஒரு நொடிதான் ஆனது. இது எதற்கு இப்போது ஞாபகம் வருகிறது என்று அவள் பேனாவை மூடித் திறந்தாள். எதற்கு என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அந்தப் புதன்கிழமைக்கு முந்தின நாள், போன செவ்வாய், மத்தியானம் மூன்றேகால். வேலை இல்லை, டீ வரவில்லை, சும்மா இருக்கிற கை சும்மா இருக்காது. பட்டியலின் கடைசியில் இசட் என்று தொடங்கும் ஒரு பெயர், யாரும் திறக்காத பழைய கலவைகள் கிடக்கும் விஎம், கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. ஆர்கைவ் என்று மாற்றினால் அழகாக இருக்கும் என்று தோன்றியது, மாற்றினாள். அவ்வளவுதான். இங்கிலீஷில் ஏ, ஆர் என்று எழுத்து வந்ததும் அது கடைசியிலிருந்து எழுந்து போய் ஏடிக்கும் முன்னால், முதல் ஆளாக உட்கார்ந்துகொண்டது, மற்றவை எல்லாம் ஒரு படி கீழே இறங்கின. நாலாவதாக இருந்த டென்மார்க் ஐந்தாவது. மூன்றாவதாக இருந்த செக் நாலாவது. அவள் பார்க்கவில்லை, டீ வந்துவிட்டது. மாற்றுவதற்கு முன்னால் லேபில் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்பது அவளே எழுதி அவளே நோட்டீஸ் போர்டில் ஒட்டின விதி, கீழே அவள் கையெழுத்து. மறுநாள் காலை மயிலாத்தாள் வழக்கம்போல மேலிருந்து நாலு எண்ணினாள். சாயந்திரம் துணி காய்ந்ததும் டையிங் மாஸ்டர் கத்தின கத்தல் பாய்லர் ரூம் வரைக்கும் கேட்டது. கோகிலவாணிக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது, உடனே போய் மெனுவைத் திறந்து பார்த்தாள், முதலில் ஆர்கைவ் அசையாமல் உட்கார்ந்திருந்தது. அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் போனாள். மாஸ்டர் கத்துகிற சூட்டில் எதற்கு, ஆறட்டும் என்று நின்றாள். வியாழக்கிழமை ஜி.எம். ஊரில் இல்லை. வெள்ளிக்கிழமை அவரே கூப்பிட்டு, அந்தப் பொம்பளைக்கு ஏ பி சி டி தெரியாதாம்மா, எண்ணியா அமுக்கும் என்று கேட்டார், அவள் தெரியும் சார் என்றாள், எவ்வளவு நல்ல பதில், பொய்யும் இல்லை மெய்யும் இல்லை. பெயரைப் பார்த்துத் திறக்க வேண்டியது மயிலாத்தாள் பொறுப்புதானே என்று ஒரு குரல் உள்ளே நியாயம் பேசும். பேசட்டும், அந்தக் குரலுக்கு வேறு வேலை கிடையாது, சனி ஞாயிறு முழுக்க அது தோசைக்கல் முன்னாலும் பேசிற்று, குளியலறையிலும் பேசிற்று. லாக் பதிவில் எல்லாம் இருக்கிறது. செவ்வாய் மூன்று பதினைந்து, பெயர் மாற்றம், செய்தவர் கோகிலவாணி. அடுத்த வரி புதன் எட்டு நாற்பது, செக் திறப்பு, செய்தவர் மயிலாத்தாள். சென்னியப்பன் கேட்டது புதன்கிழமைப் பதிவு மட்டும். புதன்கிழமை என்று தேதி போட்டு அச்செடுத்தால் செவ்வாய் வராது. அதில் பொய் ஒன்றும் இல்லை, கேட்டதைக் கொடுக்கிறோம். கேட்டதை மட்டும் கொடுப்பது எவ்வளவு சுலபம் என்று நினைக்கும்போது அவளுக்கு உள்ளங்கை வியர்த்தது. ஏ.சி. இருபத்திரண்டில் ஓடிக்கொண்டிருந்தது.

பதினொன்று ஐந்து. இல்லை, இப்படி உட்கார்ந்தால் ஆகாது. மெனுவை முடித்துவிட்டு மற்றதைப் பார்க்கலாம். கை வேலையில் இறங்கியதும் நெஞ்சு சமனப்பட்டது, அது எப்போதும் அப்படித்தான், அவளுக்குத் தன் கைமேல் இருக்கிற நம்பிக்கை தன்மேல் இருப்பதைவிட ஒரு பிடி அதிகம். காகிதத்தைத் திருப்பிப் போட்டு, எதை வைத்துப் பிரிப்பது என்று கேட்காமல், யார் எப்போது திறக்கிறார்கள் என்று கேட்டாள். கேட்டதுமே வழி தெரிந்தது. தினமும் திறப்பது ஆறு. மாதம் ஒரு தரம் திறப்பது ஐந்து. யாரும் தொடக்கூடாதது மூன்று, அதில் ஆர்கைவும் ஒன்று. மெனுவில் மூன்று ஃபோல்டர் போட்டாள், தமிழிலேயே எழுதினாள், தினமும், எப்போதாவது, தொடாதீர்கள். உள்ளே டென்மார்க் என்று முழுசாக, தமிழில், பக்கத்தில் அந்த நாட்டுக் கொடியின் சின்னப் படம். ஆடிட்டர் வந்தால் வரட்டும், தமிழ்நாட்டில் தமிழில்தான் இருக்கும் என்று சொல்லிக்கொள்ளலாம். ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் ஒரு எண் போட்டாள். இதுதான் முக்கியம். எண் போட்டுவிட்டால் எழுத்துக்கு வரிசையில் வேலை கிடையாது, நாளைக்கு அகல்யாவோ ஆர்கைவோ யார் வந்தாலும் கடைசியில் போய்த்தான் நிற்க வேண்டும். ஒன்று போய்விட்டால் அதன் எண் காலியாகவே கிடக்கட்டும், இன்னொன்றுக்குக் கொடுக்கக் கூடாது. டென்மார்க்குக்கு நாலு கொடுத்தாள். நாலாவது இடத்திலேயே நிறுத்தினாள். நிறுத்திவிட்டு நாற்காலியில் சாய்ந்து பார்த்தபோது அவளுக்குப் பெருமையாக இருந்தது, மறைப்பானேன், ரொம்பப் பெருமையாக இருந்தது. எண்ணினாலும் சரி, எழுத்தைப் பார்த்தாலும் சரி, படத்தைப் பார்த்தாலும் சரி, மூன்று வழியும் ஒரே வாசலுக்குப் போகும். இதை அன்றைக்கே செய்திருக்கலாம் என்ற நினைப்பு வந்தது. அதை அவள் தள்ளவில்லை, பக்கத்தில் உட்காரவிட்டாள்.

அப்போதுதான் கண்ணாடிக் கதவைப் பாதி திறந்துகொண்டு மயிலாத்தாள் நின்றாள். விசாரணை வரை வர வேண்டாம் என்று சொல்லியிருந்ததால் ஆறு நாள் கழித்து உள்ளே வருகிறாள், யூனிஃபார்ம் கோட் போடவில்லை, நல்ல புடவை, கையில் பையோடு அடையாள அட்டை. வரலாமுங்களா என்று கேட்டாள், தான் பதினோரு வருஷம் புழங்கின இடத்துக்கு. கோகிலவாணி எழுந்து நாற்காலியைக் காட்டினாள். ஜி.எம். பன்னிரண்டுக்கு வரச் சொன்னதாகவும், பஸ் சீக்கிரம் வந்துவிட்டதாகவும், அட்டையை எங்கே கொடுப்பது என்று தெரியவில்லை என்றும் மயிலாத்தாள் சொன்னாள். அட்டையை யாரும் கேட்கவில்லையே என்றதற்கு, கேக்கறதுக்கு முன்ன குடுத்துட்டா மரியாதையாப் போகுமுங்க என்றாள். பேச வேண்டியதைத் தள்ளிப்போடக் கோகிலவாணிக்குத் தெரிந்த ஒரே வழி வேலைதான், புது மெனுவைத் திறந்து காட்டினாள், டென்மார்க் எங்கே இருக்கிறது என்று பாருங்க அக்கா என்றாள். மயிலாத்தாள் உட்காரவில்லை. குனிந்து, விரலைத் திரையில் வைக்காமல் கொஞ்சம் தள்ளியே வைத்து, மேலிருந்து எண்ணினாள், உதடு மட்டும் அசைந்தது. நாலில் நின்றது. பிறகு பெயரைத் தமிழில் வாசித்தாள், கொடியைப் பார்த்தாள், நல்லாருக்குதுங்க அம்மிணி என்றாள். அந்த இரண்டு சொல்லில் கோபம் இருக்கிறதா என்று கோகிலவாணி தேடினாள், இல்லை. இல்லை என்பதுதான் தாங்கவில்லை. அன்னைக்கு என்னாச்சுக்கா என்று கேட்டுவிட்டாள், கேட்கவே கூடாத ஆள் கேட்கிறோம் என்று தெரிந்தே கேட்டாள்.

மயிலாத்தாள் அடையாள அட்டையின் நாடாவை விரலில் சுற்றினாள்.

"நாலாவதுல வேற எழுத்து இருந்துச்சுங்க அம்மிணி. பாத்தனுங்க. டி இல்லைன்னு தெரிஞ்சுது. மேலயும் ஏதோ புதுசா இருந்துச்சு. அம்மிணி மாத்தி வெச்சிருக்குமாட்ட இருக்குது, அம்மிணி வெச்சா சரியாத்தான் இருக்கும்னு அமுக்கிட்டனுங்க."

"இதை ஏங்கா ஜி.எம். கிட்டச் சொல்லலை?"

"சொன்னா உங்க பேரை இழுக்க வேண்டி வருமுங்க. உங்களுக்குத் தெரியாமயா இருக்கும், தெரிஞ்சா நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்துட்டனுங்க."

பிறகு மயிலாத்தாள் வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டாள், உள்ளே இருந்தால் உங்களுக்கு வேலை கெடும் என்று. கோகிலவாணி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தினமும், எப்போதாவது, தொடாதீர்கள். எல்லாம் அழகாக இருந்தது. நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்துட்டனுங்க. ஆறு நாள் இருந்திருக்கிறாள். வியாழக்கிழமை, வெள்ளிக்கிழமை, தோசைக்கல் முன்னால் நியாயம் பேசிக்கொண்டிருந்த ஞாயிற்றுக்கிழமை, அத்தனை நாளும் அந்தப் பக்கம் ஒருத்தி காத்துக்கொண்டிருந்திருக்கிறாள். கோகிலவாணிக்கு வெட்கமாக இருந்தது. காதுமடல் வரைக்கும் சூடேறுகிற வெட்கம். ஆனால் அதோடு கூடவே வேறு ஒன்றும் வந்தது, எதிர்பார்க்காதது, ஒரு தெளிவு. எட்டாம் வகுப்பில் எழுந்து நின்றபோது முழங்காலில் வந்த அதே உறுதி. பயம் எங்கே போயிற்று என்று தேடினாள், அங்கேதான் இருந்தது, ஆனால் அதன் சத்தம் குறைந்திருந்தது. வேலை போனால் போகட்டும் என்று அவள் பெரிய வசனம் ஒன்றும் நினைக்கவில்லை, போகாது என்றுதான் நினைத்தாள், தன்னை விட்டால் இவர்களுக்கு ஆள் இல்லை என்றுகூட நினைத்தாள், அந்தத் திமிர் அவளை விட்டு எந்தக் காலத்திலும் போகாது. ஆனால் இனி மீட்டிங்கில் பாராட்டு இருக்காது, இந்த அம்மாவா என்று ஒரு பார்வை கொஞ்ச நாளைக்கு இருக்கும். இருக்கட்டும். லாக் பதிவைத் திறந்தாள். தொடக்கத் தேதி என்ற இடத்தில் புதன்கிழமை இருந்தது, அவளே காலையில் போட்டு வைத்தது. அழித்தாள். போன செவ்வாய், மத்தியானம் மூன்று மணி என்று போட்டாள். பிரின்டர் வழக்கம்போல ஒரு முறை இருமிவிட்டு ஒரே ஒரு தாளைத் தள்ளியது. எடுத்துப் பார்த்தாள், மேல் வரியில் அவள் பெயர், கீழ் வரியில் மயிலாத்தாள் பெயர், நடுவில் ஒன்றும் இல்லை. மடிக்காமல் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். பெஞ்சில் இருந்தவளிடம், வாங்கக்கா போலாம், அந்த அட்டையைக் கழுத்துல மாட்டிக்கங்க என்றாள்.

சென்னியப்பன் அறையில் மாஸ்டரும் இருந்தார். மயிலாத்தாள் கதவோரம் நின்றாள், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. ஜி.எம். தாளை வாங்கி, கண்ணாடியை இறக்கி, நேராக இரண்டாவது வரிக்குப் போய், இந்தா இருக்கேம்மா இவங்க பேரு என்றார். மேல் வரியைப் படிக்கும்படி கோகிலவாணி சொன்னாள். படித்தார். அவள் நின்றபடியே, ஒரு மூச்சில், எந்தப் பெயரை எதற்கு மாற்றினாள், மாற்றியதும் எது எங்கே இறங்கியது, சொல்ல வேண்டிய விதி யார் எழுதியது, சொல்லாமல் விட்டது யார் என்று சொல்லி முடித்தாள். மாஸ்டர் தாளை எட்டிப் பார்த்தார், பிறகு மயிலாத்தாளைப் பார்த்தார், பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். சென்னியப்பன் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். அவர் முகத்தில் கோபத்தைவிடச் சங்கடம்தான் அதிகமாக இருந்தது.

"நான் கேட்டது புதன்கிழமைக்கு மட்டும்தானேம்மா. இதை நீ கொண்டுவராம இருந்திருந்தா யாருக்குத் தெரிஞ்சிருக்கும்?"

"மயிலாத்தாக்காவுக்குத் தெரியும் சார்" என்றாள் கோகிலவாணி. "ஆறு நாளாத் தெரியும்."